நல்லரத்தினம் சேரின் சிவப்பு ராணி

சுனாமியிலும் யுத்தத்திலும் இடிந்த வீடுகளைக் கட்டிக் கொடுக்கும் நிறுவனம் எங்களுடையது. 2010இல் அதன் அலுவலகம் ஆரையம்பதியில். என் வீடோ வாவிக்கு அப்பால், கொக்கட்டிச்சோலையில். இடையில் மண்முனைத் துறையில் ஆளையும் மாட்டையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மிதந்து வரும் தெப்பம்; எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பாதை. அது வருகிற நேரத்துக்குத்தான் வரும். என் மகனுக்கு இன்னும் தாய்ப்பால்தான். பசித்தால் அவன் பாதை பார்த்து அழமாட்டான். வீட்டிலிருந்து வேலை செய்ய விடாவிட்டால் வேலையை விடவேண்டியதுதான்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று வி.பி.என்.: அலுவலக லப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்தே அலுவலக வலையமைப்பில் சேர்வது. மற்றது, ஏதோ ஒரு கணினியில் இணைய உலாவியைத் திறந்து, அலுவலகத்தில் இருக்கும் என் கணினியின் திரையை அப்படியே வரவழைத்து இயக்குவது.

"லப்டொப் என்னட்ட ஒண்டுதான் கிடக்கு. அத விடேலா," என்றார் மனேஜர் நல்லரத்தினம் சேர். அவருக்கு எப்போதும் தலைக்கு மேல் வேலை. "மத்தத வேணுமெண்டா ஒரு கிழமைக்குச் செஞ்சு பாருங்க. வீட்டில இருந்தா ஆரு வேலை செய்யிற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு றஞ்சிதாவின் பழைய கணினியில், மகனை மடியில் போட்டுக்கொண்டு, முதல் நாளே உள்ளே போனேன். என் திரை வந்தது. அதில் யாரோ சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சேரின் அறைக்குக் கண்ணாடிக் கதவு. என் மேசை அலுமாரிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில். யாரென்று கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மனுசன், கறுப்பு ராசாவின் மேல் வைக்கவேண்டிய சிவப்பு ராணியைக் கண்முன்னே வைத்துக்கொண்டு எங்கெங்கோ தடவிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நானே அதை இழுத்து வைத்துவிட்டேன்.

அம்புக்குறி அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"கலாஜினி, இப்ப நீங்க... உள்ளுக்கயா நிக்கிறீங்க?"

"ஓம் சேர். வேலை செய்யிறன்."

மறுநாள் முடிவு வந்தது: உலாவி வழியில் பாதுகாப்புப் போதாதாம், வி.பி.என்.தான் சரியாம். விடவே முடியாத அந்த லப்டொப்பை, எங்கள் கணினிக்காரன் சிவதர்சன் பாதையேறி வந்து என் கையில் தந்துவிட்டுப் போனான். சந்தோசத்தில் மகனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பின்னேரம் சேர் மறுபடி எடுத்தார்.

"புள்ள, அந்த லப்டொப்புக்குள்ளயும் என்ட விளையாட்டு ஒண்டு பாதியில கிடக்கு. அழிச்சிராதீங்க."

"அழிக்கல்ல சேர்," என்றேன். "வெண்டு குடுத்திட்டன்."