தோளில் திறக்கும் சட்டை

என் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பாமல் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. படியில் வழுக்கி விழுந்து உடைந்த எலும்பு கூடிவிட்டது. ஆனால் தோள் இறுகிப்போய்விட்டது. முழங்கைக்குக் கீழே எந்தக் குறையும் இல்லை. எழுதலாம், காய் நறுக்கலாம், விரலை ஆட்டி யாரையாவது திட்டலாம். சட்டை மட்டும் போட முடியாது. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையில்கூட, அந்தக் கையை நுழைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

நான் தனிக்கட்டை. அதனால் தினமும் காலையில் என் தங்கை அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்து, எனக்குச் சட்டை மாட்டிவிட்டு, அப்படியே தன் அலுவலகத்துக்கு ஓடுவாள். சாயங்காலம் கழற்றிவிட மறுபடியும் வருவாள்.

"அக்கா, கையைத் தளர விடேன். மரக்கட்டை மாதிரி வச்சிருக்கே."

"வலிக்குதுடி, மெதுவா."

"ஊர்ல உள்ளவங்க கையை எல்லாம் திருப்பித் திருப்பிப் படம் எடுக்கறியே, அவங்களுக்கு வலிக்கலையா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை.

ஒருநாள் அவளோடு வேலை பார்க்கும் ஒருவர் நெஞ்சுப் படம் எடுக்க வந்தார். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. "வேற ஊர்ல புதுசா ஆபீஸ் திறக்கறோம் மேடம். உங்க தங்கச்சியைத்தான் நடத்தச் சொல்லிக் கேட்டாங்க. அக்காவுக்குச் சட்டை போட்டுவிட ஆள் இல்லை, எப்படிப் போறதுன்னு சொல்லிட்டாங்க. மாசக் கடைசி வரைக்கும் யோசிங்கன்னு முதலாளி விட்டிருக்கார்."

அவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். விடச் சொல்ல மறந்துபோனேன். அவர் முகம் சிவந்த பிறகுதான் நினைவு வந்தது.

என்னிடம் அவள் மூச்சுகூட விடவில்லை. கேவலம் ஒரு சட்டை அவள் வாழ்க்கைக்குக் குறுக்கே நிற்பதா? எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, வருடக்கணக்காகப் பழைய பேப்பரைச் சுமந்துகொண்டிருந்த தையல் மெஷினைக் காலி செய்தேன். தைக்கத் தெரியுமா என்றால், பள்ளிக்கூடத்தில் கைக்குட்டைக்கு ஓரம் அடித்ததோடு சரி.

என் திட்டம் எளிது. வலது கழுத்தோரத்திலிருந்து கையின் நுனி வரை மேலாக வெட்டித் திறந்து, நெடுக பிரஸ் பட்டன் வைத்துவிட வேண்டும். துணியைத் தோளில் போர்த்தி இடது கையால் அழுத்தி மூடினால் ஆயிற்று.

வலது இடது பார்ப்பதுதான் என் பிழைப்பு. படத்தில் என் இடப்பக்கம் இருப்பது நோயாளியின் வலப்பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தெம்பில், மேஜையில் விரித்திருந்த சாம்பல் நிறச் சட்டையில் என் இடப்பக்கம் இருந்த கையை நறுக்கென்று வெட்டித் தள்ளினேன். சட்டையை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் புத்தியில் ஏறியது. நல்ல கைக்கு வாசல் திறந்து வைத்திருந்தேன்!

சட்டையைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். மறுநாள் நானே போய் எடுத்து வந்தேன். வெட்டிய இடத்தை அப்படியே சேர்த்துத் தைத்தால் கை பிடிக்கும். நடுவே ஏதாவது கொடுக்க வேண்டும். ஜன்னல் திரை தைத்ததில் மிஞ்சிய மஞ்சள் துணி இருந்தது. நேராக ஒரு பட்டை கொடுத்தேன். அடிபட்ட இடத்தில் கட்டுப் போட்டதுபோல இருந்தது. பிரித்தேன். முழங்கைக்குக் கீழே போகப்போக அகலும்படி வெட்டித் தைத்தேன். அந்தச் செத்த சாம்பல் நிறத்துக்கு உயிர் வந்துவிட்டது.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. வலது கையையும் திறந்து அதே மஞ்சளைக் கொடுத்து, ஓரத்தில் பட்டன்களை வரிசையாக வைத்தேன். கழுத்து அழுது வடிந்தது. அதையும் கொஞ்சம் இறக்கினேன். இத்தனை வருடமும் கடைக்காரன் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு எது பிடிக்கும் என்று என்னையே கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், நடுவில் தங்கையை அடியோடு மறந்துபோனேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தைத்து முடித்த மறுநாள் காலையில் அவள் வந்தபோது சட்டையோடு நின்றேன்.

"யாரு போட்டு விட்டா?"

"நானேதான்."

"கழட்டிட்டு மறுபடி போடு, பாக்கறேன்."

போட்டுக் காட்டினேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இனிமே நீ தாராளமா அந்த ஊருக்குப் போகலாம். எல்லாம் எனக்குத் தெரியும். என் சட்டைக்காக நீ நிக்க வேண்டாம்."

"சட்டைக்காக நிக்கலைக்கா."

"பின்னே?"

"பயமா இருக்கு. அத்தனை பேரை வச்சு வேலை வாங்கணும். நான் ஒரு தப்புப் பண்ணினா எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு முடியலைன்னு சொன்னா, யாரும் மேல கேக்கலை."

அவளுக்குச் சுமையாகிவிட்டேனே என்று நான் மருகிக்கொண்டிருக்க, அவள் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினேன்.

"இதுல ஒண்ணு நான் தப்பா வெட்டினது. எதுன்னு சொல்லு."

அவள் எழுந்து வந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலைத் தடவினாள். கடைசியில் வலது கையைத் தொட்டாள். "இதுவா?"

"இல்லை. அந்தப் பக்கம்."

கொஞ்ச நேரம் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையை எடுத்தாள். "நான் கிளம்பறேன். முதலாளி வெளியே போறதுக்குள்ள பிடிக்கணும். சாயங்காலம் கழட்டி விடணுமா?"

"வேண்டாம்டி."

"சரி, சும்மா வரேன்."

அவள் படியிறங்கும் சத்தம் தெருவில் போய்க் கரைந்தது. நிஜமாகவே போய்விடுவாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இனி காலையில் கதவைத் தட்டி என்னைத் திட்ட யாரும் வரமாட்டார்கள். புதுச் சட்டையின் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.