மாரீஸ்வரியின் தோள்வலி

"அந்தத் தோளக் காட்டுங்கக்கா, நானே தேச்சு விடுதேன்" என்று சொல்லிக்கொண்டே பூமாரி தைலப் புட்டியின் மூடியைத் திருகினாள்.

மாரீஸ்வரி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தாராவி தொண்ணூறடி ரோட்டில் தேங்காய் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவள். எப்பேர்ப்பட்ட கிராக்கியையும் இந்தியிலும் தமிழிலும் பேசியே மடக்கிவிடுவாள். ஆனால் பெண்ணுக்குப் பூ வைக்க வந்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா இந்தப் பூமாரியிடம் என்னவென்று சொல்லி மடக்குவது? திரைக்கு அந்தப் பக்கம் மகள் கலைச்செல்வி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சொந்தபந்தம். பெற்றவள் தாலியறுத்தவள் என்பதால் அவளுக்கு இடம் அடுப்படியில்.

வலி தோளில் இல்லை. இடது மார்பில் கட்டி, புற்றுநோய். அதைத் தோளுக்கு ஏற்றிவிட்டது கொழுந்தன் சொரிமுத்து. விஷயம் தெரிந்தால் பெண்ணுக்கும் வருமென்று மாப்பிள்ளை வீட்டார் கழன்றுகொள்வார்கள் என்பது அவன் கணக்கு. அதோடு, மார்பு என்கிற வார்த்தையை நாலு பேர் நடுவில் ஒரு குடும்பத்துப் பொம்பளை எப்படிச் சொல்வாள்? யார் கேட்டாலும் தோள்வலி என்றே சொல்ல வேண்டும் என்று மதினிக்குச் சொல்லிவைத்தான்.

சந்து முழுக்க நம்பியது. நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிர்வீட்டு ஜெயினுலாப்தீன் பாய் யூனானி எண்ணெய் அனுப்பினார். இட்லிக்காரி நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சிக் கொண்டுவந்தாள். மாடிவீட்டு மராத்திக்காரி ஒத்தடப் பையோடு இறங்கி வந்தாள். மசாலா டப்பாக்கள் இருந்த பலகையில் இப்போது புட்டிகள்தான் நின்றன.

வீட்டுக்கு வெளியே உண்மை தெரிந்தவள் சயான் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சாருலதா. மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் முதலில் கேட்டதே மாதவிடாய் நின்றுவிட்டதா என்றுதான். எப்பவோ நின்றாயிற்று என்றதும் டாக்டர் முகம் மலர்ந்தது. அந்தச் சேதிக்கு முகம் மலர்ந்த ஓர் ஆளை மாரீஸ்வரி அன்றுதான் பார்த்தாள். இந்தக் கட்டி பெண் ஹார்மோனைத் தின்று வளரும் ரகம். நின்றுபோனவர்களுக்கு உடம்பில் ஊறும் மிச்சசொச்சத்தையும் ஒரு மாத்திரையால் அடைத்துவிடலாம். சில மாதம் தினமும் சாப்பிட்டால் கட்டி சுருங்கும். பிறகு மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கலாம் என்று டாக்டர் விளக்கினாள்.

"மொதல்ல வெலயப் பேசி எறக்கணும், பெறவு சரக்கத் தூக்கணும். அதானம்மா?" என்றாள் மாரீஸ்வரி.

டாக்டர் சிரித்துவிட்டாள். "அதேதான். ஆனா எறக்கின சந்தோஷத்துல சரக்கை அங்கேயே விட்டுட்டு வந்துடப்படாது. தூக்கியே ஆகணும்."

பேரம் படிந்தது. மாத்திரையால் முட்டி வலித்தது, திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது. ஆனால் எலுமிச்சம்பழமாக இருந்த கட்டி சுண்டைக்காயாக வற்றியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். சொரிமுத்து கல்யாணத்துக்குப் பார்த்து வைத்திருந்த முகூர்த்தமும் அதே வாரத்தில் வந்து விழுந்தது. மாத்திரையிலேயே கரைகிறதே, அதையே தின்றுகொண்டிருந்தால் போதாதா, கத்தி எதற்கு என்றான் அவன். மகன் மாரிக்கண்ணன் சித்தப்பா பேச்சுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறொன்றும் கற்றதில்லை.

இப்போது கூடத்தில் முகூர்த்தத்தை அறிவிக்க சொரிமுத்து தொண்டையைக் கனைத்தான். அடுப்படியில் பூமாரி உள்ளங்கையில் தைலத்தை ஊற்றிவிட்டாள்.

மாரீஸ்வரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தைலத்த வீணாக்காதீங்க தங்கச்சி. தோள்ல ஒண்ணுமில்ல. எனக்கு மார்புல புத்து."

திரை மெல்லிய துணி. கூடத்தில் கனைப்பு பாதியில் நின்றது.

அவள் திரையை விலக்கிக்கொண்டு போய், அத்தனை சுமங்கலிகளுக்கும் நடுவில், மகள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க குறிச்ச வாரம் எனக்கு ஆபரேஷன். கட்டியச் சுருக்கியாச்சு, இனி எடுத்தே ஆகணும். கல்யாணத்த முன்ன வச்சாலும் சரி, பின்ன வச்சாலும் சரி. இந்த வீட்டுப் பொண்ணு வேண்டாம்னா பூவ எடுத்துட்டுப் போயிருங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டோம்."

மதினிக்கு மாத்திரைச் சூடு தலைக்கேறிவிட்டது என்று சொரிமுத்து சிரிக்கப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பூத்தட்டைத் தன் பக்கம் மெல்ல நகர்த்தினார். கலைச்செல்வி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பூமாரி தைலம் வழியும் கையோடு திரையோரம் நின்றாள்.

"எங்க அக்காவுக்கும் தோள்வலின்னுதான் சொன்னாவ" என்றாள். "நாந்தான் தெனமும் தேச்சு விட்டேன். அவ செத்து, குளிப்பாட்டும்போதுதான் மார்பப் பாத்தோம்."

பூமாரி நேரே வந்து, கணவர் நகர்த்திய தட்டைச் சுத்தமான கையால் பழைய இடத்துக்கே இழுத்தாள். பூச்சரத்தை எடுத்துக் கலைச்செல்வியின் அம்மாவிடம் நீட்டினாள்.

"நீங்க வைங்கக்கா. தேதியும் நீங்களே சொல்லுங்க."

மாரீஸ்வரி மகளின் தலையில் பூவை வைத்தாள். ஆபரேஷன் முடிந்து தானே புடவைக் கடைக்கு நடந்து போகிற அளவுக்குத் தேறிய பிறகுதான் முகூர்த்தம் பார்ப்பதென்று, பேரத்துக்கு இடமில்லாமல் சொல்லியும் விட்டாள். சொரிமுத்து மட்டும் தரையைப் பார்த்தபடியே இருந்தான்.

"ஏல மாரிக்கண்ணா" என்றாள். "பலகையில இருக்குத புட்டிய எல்லாம் எடுத்துட்டு வா. சித்தப்பா எம்புட்டு நேரமா தலைய நிமுத்தாம இருக்காரு பாரு. கழுத்து புடிச்சிருக்கும், நல்லா தேச்சு விடு."

மாரிக்கண்ணன் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு, நிஜமாகவே எழுந்து போனான்.