இரண்டு விரல் இடைவெளி

ஆணியைக் காய்ச்சி வாரில் புதிதாக ஒரு துளை போட்ட பிறகுதான் பட்டை பஞ்சுவின் கழுத்தில் நின்றது. மூன்று கிலோ நாய். குரைத்தால் தானாகவே ஷாக் கொடுக்கும் அந்தப் பட்டையை மெயின்லாண்டிலிருந்து எங்கள் தீவுக்குத் தருவித்திருந்தேன். மருமகள் சௌமியா அட்டைப்பெட்டியைப் படித்தாள்.

"மாமா, அஞ்சு கிலோவுக்குக் கீழ உள்ள நாய்க்குப் போடக் கூடாதாம். ரெண்டு விரல் நுழையுற மாதிரி இருக்கணுமாம். முதல்ல நம்ம கையில வச்சுப் பாக்கணுமாம்."

"முப்பத்தொரு வருஷம் துறைமுக ஜெட்டியில கப்பலுக்குக் கயிறு கட்டினவன். எனக்கு ஒரு வாரைக் கட்டத் தெரியாதா?"

ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் ஊதினால் பஞ்சு ஊளையிடும். சுனாமிக்குப் பிறகு எங்கள் டெலானிபூரில் நாய் ஊளையிட்டால் யாருக்கும் பொறுப்பதில்லை. போன மாதம் ஒரு ஞாயிறன்று எதிர்வீட்டு ஜெகநாதன் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, ஜஹாஸ் ஊதினா உங்க வீட்லயும் ஒண்ணு ஊதுது. மறுபடியும் கடல் வருதுன்னு என் வீட்டுக்காரி பையைத் தூக்கிட்டு ஓடுறா. நீங்க அடக்குறீங்களா, நான் ஆபீஸ் சாப்கிட்ட புகார் எழுதிக் கொடுக்கட்டா?"

யாரோ சிரித்தார்கள். அரசு குவார்ட்டர்ஸ் என் மகன் பேரில் இருக்கிறது; புகார் போனால் அவனுக்குத்தான் தொல்லை. "இனி என் வீட்டிலிருந்து சத்தம் வராது" என்றேன். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல் மாறியதில்லை.

பட்டை மாட்டிய மறுநாள் காலைக் கப்பல் ஊதியது; உள்ளேயிருந்து சத்தமில்லை. வராந்தாவில் நிமிர்ந்து உட்கார்ந்து ஜெகநாதன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாயைப் பார்க்கவில்லை.

மாலைக் கப்பல் புறப்படுமுன் முதல் தடவை ஊதியபோது பார்த்தேன். பஞ்சு வாயைத் திறக்கவில்லை. ஒரு சாண் எம்பி, பக்கவாட்டில் விழுந்தது. தரை நனைந்தது. கால்களை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தது.

"அது குரைக்கவே இல்ல மாமா! ஹார்ன் சத்தத்துக்கே அடிக்குது!"

காலையிலும் இப்படித்தான் நடந்திருக்கும். கயிறுகளை அவிழ்த்ததும் கப்பல் மறுபடி ஊதும், நீளமாக. அவிழ்க்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத்தான் தெரியும். ஆறு நிமிடம்.

யார் முன்னும் குனியாத நான் தரையில் குப்புறப் படுத்தேன். கையை நீட்டினேன். கடித்தது. மறுபடி நீட்டினேன். புதுத் துளையில் கொக்கி சிக்கிக்கொண்டு வரவில்லை. இந்நேரம் கப்பலின் பின்கயிறு அவிழ்ந்திருக்கும்.

சௌமியா எதிர்வீட்டைப் பார்த்தாள். பட்டை போனால் ஊளையிடும் என்று இருவருக்கும் தெரியும். "ஜன்னலைச் சாத்தட்டா மாமா?"

"வேண்டாம். கத்திரிக்கோல் எடுத்துட்டு வா. ஓடு!"

பட்டையின் இரண்டு உலோக முனைகளும் தோலில் பதிந்திருந்தன. அடித்தால் என் விரலில் அடிக்கட்டும் என்று அவற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே விரல்களைத் திணித்தேன். ஒன்று நுழைந்தது. நகம் பிய்ந்து இரண்டாவதும் நுழைந்தது. விரலடியில் அதன் நெஞ்சுத் துடிப்பு படபடத்தது. கடிப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்தது.

சமையலறையில் இழுப்பறை விழும் ஓசை கேட்டது. தலைக்கு மேல் ஜன்னல் கண்ணாடி கப்பலின் ஊதலில் மெல்ல அதிரத் தொடங்கியது.