முப்பத்திரண்டு மணி நேரம்

"பேனாவைக் கீழ வைங்கப்பா."

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உரக்க வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடினாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கல்லூரியின் பயிற்சிக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடக்கிற காரியம்தான் அது. திங்கள் முதல் வியாழன் வரை அவளுக்குப் பட்டறை, வெள்ளியும் சனியும் கல்லூரி. பட்டறையில் அந்த வாரம் என்ன வேலை பழகினாள், எத்தனை மணி நேரம் பழகினாள் என்று கற்றுக்கொடுப்பவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கற்றுக்கொடுப்பவர் அவள் அப்பாதான். பட்டறையின் ஹெட் டர்னர், கடைசல்காரர்களுக்கெல்லாம் தலைவர். மணி மணியான எழுத்தில் அவர் எழுதியிருந்தார்: லேத்தில் கடைசல் வேலை, முப்பத்திரண்டு மணி நேரம், திருப்தி.

"இந்த வாரமும் நான் லேத்தைத் தொடவே இல்லையேப்பா."

"அதனால என்ன பாப்பா? நீ அங்கதானே இருந்த?"

இருந்தாள், இல்லையென்று யார் சொன்னது? பட்டறையின் முன்னறையில் இருந்தாள். மற்றவர்கள் கடைந்து அனுப்பும் உருளைகளை அளந்து பார்த்தாள், துணியால் துடைத்தாள், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றினாள், பெட்டிகளில் சீட்டு ஒட்டினாள். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் எல்லாருக்கும் டீ போட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆறு லேத்துகள் ஓடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் பாப்பா பத்திரமாக இருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பட்டறையே பாப்பா என்றுதான் கூப்பிட்டது.

"அஞ்சு வாரத்துல பிராக்டிகல்ப்பா. நாலு மணி நேரம் நானே நின்னு கடையணும். அதுல தேறினாத்தான் பெரிய ஃபேக்டரியில நேர்முகத்துக்கே கூப்பிடுவாங்க. அஞ்சு வாரமாச்சும் என்னை மெஷின்ல விடுங்க."

அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதில் கடைசி இரண்டு விரலும் பாதிதான். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் லேத் எடுத்துக்கொண்டது.

"இதைப் பார்த்துட்டும் கேக்கிறியா? எனக்கு ஆச்சு, நான் ஆம்பள, யாரும் ஒண்ணும் சொல்லல. உன் கையில ஒரு கீறல் விழுந்தா நாளைக்கு உன்னை யாரு கேட்டு வருவா?"

"ஒல்லி நிக்கிறானே. அவன் விரல் மட்டும் போனா முளைக்குமா?"

அம்மா வாய்க்குள் சிரித்தாள். அப்பா முறைத்ததும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் அம்மாவின் கருத்து எப்போதும் தண்ணீர்ச் சத்தத்தோடுதான் வெளிவரும்.

ஒல்லி என்பவன் அவளோடு அதே மாதம் சேர்ந்த இன்னொரு பழகுநர். நெடுநெடுவென்று வளர்ந்தவன், படிப்பு என்றால் எட்டிக்காய். அவனை அப்பா முதல் நாளே லேத்தில் நிறுத்தினார். ஸ்கேலால் முட்டியில் தட்டினார். "உன் கண்ணு எங்கடா இருக்கு? காதால கேளுடா, இரும்பு கத்துது பாரு!" என்று பட்டறை அதிரத் திட்டினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தன்னையும் ஒரே ஒரு தடவை அப்படித் திட்ட மாட்டாரா என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். அன்பாக இருக்கிற அப்பாவிடம் ஏன் அன்பாக இருக்கிறீர்கள் என்று எந்த மகளால் சண்டை போட முடியும்?

கல்லூரியில் கதை தலைகீழ். பேருந்தில் தொங்கிக்கொண்டே பாடத்தைப் படித்து, டீ கொதிக்கிற நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, வகுப்பில் அவள்தான் முதல். எந்த இரும்புக்கு எந்த வேகம், முனை மழுங்கினால் எப்படித் தெரியும், சாய்வு கடைய எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று எல்லாம் தலைகீழாகச் சொல்வாள். ஒல்லி அவள் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். ஆனால் கல்லூரியில் இருந்ததே இரண்டு லேத். ஒன்று ஓடாது, இன்னொன்று ஓடினால் நிற்காது. "கைவேலை உங்க பட்டறை பாடு, புத்தகம் எங்க பாடு" என்று ஆசிரியர் முதல் நாளே கைகழுவிவிட்டார். அவர் மேலும் தப்பில்லை. குறிப்பேட்டில்தான் வாராவாரம் முப்பத்திரண்டு மணி நேரம் நிற்கிறதே.

ஒருமுறை சாப்பாட்டு இடைவேளையில் ஒல்லியிடம் கெஞ்சினாள். அவனும் இரக்கப்பட்டு, "சீக்கிரம் வா, ஹெட்டு சாப்பிட உக்காந்திருக்காரு" என்று தன் லேத்தில் நிற்க வைத்தான். அவள் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியிருப்பாள், அப்பா வந்துவிட்டார். மகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒல்லியைப் பத்து நாள் மெஷினை விட்டு இறக்கி, துரு தேய்க்க வைத்தார். அதற்கப்புறம் யாரும் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழகுநர் தன் கையால் கடைந்த ஒரு மாதிரியைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். அதையும் அப்பாவே செய்தார். வேலை முடிந்து எல்லாரும் கை கழுவும்போது அவர் மட்டும் நின்று, பார்த்துப் பார்த்துக் கடைந்து, சட்டை நுனியால் துடைத்து, அவள் பதிவு எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கட்டுவார். மற்றவர்களின் மாதிரிகளைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்ட கல்லூரி, அவளுடையதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தது.

"பரீட்சையில நான்தானேப்பா போய் நிக்கணும்" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடைசியாகக் கேட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் பாஸ் போட்டுருவாங்க. ரெண்டு வருஷக் குறிப்பேடு சும்மாவா? என் கையெழுத்துக்கு இந்த ஊர்ல ஒரு மரியாதை இருக்கு" என்றார் அப்பா. பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டும் முடித்தார்.

அஞ்சு வாரமும் அவள் டீ போட்டாள்.

தேர்வு நாளன்று அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலிருந்து ஆறு லேத்துகளைக் கொண்டுவந்து கல்லூரிக் கூடத்தில் பூட்டியிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆளுக்கொரு இரும்புத் தண்டு கொடுத்தார். இவ்வளவு தடிமனுக்குக் கடைய வேண்டும், ஒரு முனையில் சாய்வு, மறுமுனையில் திருகு மரை. அவளுக்கு எல்லாம் தெரியும். எத்தனையாவது பக்கத்தில் படம் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். தண்டைப் பூட்டினாள், மெஷினை ஓட்டினாள், கைப்பிடியைத் தள்ளினாள். கத்தி சட்டென்று இரும்பைக் கவ்வி, தண்டு துள்ளி, படாரென்று முனை உடைந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது தண்டு கொடுத்தார்கள். இரண்டு கையும் இரண்டு கைப்பிடியை ஒரே நேரத்தில், வெவ்வேறு வேகத்தில் திருப்ப வேண்டும். எந்தக் கை எப்போது நிற்க வேண்டும் என்று மூளை சொல்லிக்கொண்டே இருந்தது. கைகள் கேட்கவில்லை. அவை டீ போட்ட கைகள், சீட்டு ஒட்டிய கைகள். பக்கத்து லேத்தில் ஒல்லி விசில் அடிக்காத குறையாகக் கடைந்துகொண்டிருந்தான். மூன்று மணி நேரத்தில் முடித்து வைத்துவிட்டு, அவள் பக்கம் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். நாலு மணி நேரம் முடிந்தபோது அவள் மேசையில் கிடந்தது பாதி கடைந்த, வரிவரியான ஒரு தண்டு. ஒரு கீறல்கூட விழாத தன் விரல்களைப் பார்த்தபடி அவள் நின்றாள்.

தேர்வாளர் கண்ணாடி அலமாரியைத் திறந்து அவள் பெயரில் இருந்த மாதிரிகளை எடுத்து அந்தத் தண்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவளை முதல்வர் அறைக்குக் கூட்டிப் போனார். இரண்டு தெரு தள்ளியிருந்த பட்டறையிலிருந்து அப்பாவையும் வரவழைத்தார்கள். அப்பா கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்திருந்தார்.

"இதைச் செஞ்ச கை இதைச் செய்யுமாம்மா?" என்று மாதிரிகளையும் தண்டையும் மாறி மாறிக் காட்டி அவளிடம் கேட்டார் தேர்வாளர். குரலில் கோபமில்லை.

அவள் அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "செய்யாது சார். அதுல எதையும் நான் செய்யல. ரெண்டு வருஷத்துல நான் ஒரு மணி நேரம்கூட லேத்துல நிக்கல."

முதல்வர் நாற்காலியில் நெளிந்தார். தேர்வாளர் குறிப்பேட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அதே முப்பத்திரண்டு, அதே திருப்தி, அதே கையெழுத்து.

"ஐயா, நீங்க அனுபவஸ்தர். தெளிவாவே சொல்லிடறேன்" என்று அப்பாவிடம் திரும்பினார். "பொண்ணை மெஷின்ல நிறுத்தலைன்னு நீங்க எழுதிக் குடுத்தா, அவங்க மேல தப்பில்ல. வேற பட்டறையில ஒரு வருஷம் பழகிட்டு வந்து மறுபடி எழுதலாம். உங்களுக்கு இனிமே யாருக்கும் பயிற்சிக் கையெழுத்துப் போடற உரிமை போகும், வேலைக்கு ஒண்ணும் ஆகாது. இல்ல, நிறுத்தினேன்னு சொன்னீங்கன்னா, மூவாயிரம் மணி நேரம் பழகியும் கை வரலைன்னு நான் எழுதியாகணும். தகுதியில்லைன்னு எழுதினா அப்புறம் அவங்க எந்தக் காலத்துலயும் இந்தத் தேர்வு எழுத முடியாது. நீங்களே சொல்லுங்க."

அவளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. இது தீர்ந்துவிட்டது என்றே நினைத்தாள். காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிற அப்பா, அவளுக்குப் பிடிக்கும் என்று கடைசிக் கவளத்தைத் தட்டில் மிச்சம் வைக்கிற அப்பா. ஒரு கையெழுத்தையா அவர் பெரிசாக நினைக்கப் போகிறார்?

அப்பா மேசையைப் பார்த்தார். தன் மாதிரிகளைப் பார்த்தார். முதல்வரைப் பார்த்தார். கதவருகே நின்றிருந்த கடைநிலை ஊழியரைக்கூடப் பார்த்தார். மகளை மட்டும் பார்க்கவில்லை.

"நிறுத்தினேன் சார்" என்றார். "என்னால ஆனவரைக்கும் சொல்லிக் குடுத்தேன். அதுக்கு வரல. பொம்பளப் புள்ளதானே சார், என்ன பண்றது? பயத்துல என்னென்னமோ பேசுது."

தேர்வாளர் அவளை ஒரு கணம் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது, அது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் அரசாங்கத் தாளில் முகத்தை ஒட்ட முடியாது, கையெழுத்தைத்தான் ஒட்ட முடியும். தகுதியில்லை என்று எழுதி, தேதி போட்டு, மூடினார்.

"இதுக்குத்தான் நான் அப்பவே யோசிச்சேன்" என்றார் முதல்வர், பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி. "டர்னர் பிரிவுக்குப் பொண்ணுங்களைச் சேக்கிறதைப் பத்தி இந்த வருஷம் கமிட்டியில பேசணும்."

வராந்தாவில் அப்பா அவளுக்கு முன்னால் நடந்தார். பாதி தூரம் போய் நின்று, அவள் வரக் காத்திருந்து, மெல்லப் பேசினார்.

"மனசுல வெச்சுக்காத பாப்பா. நாலு பேர் முன்னால பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? முப்பது வருஷ மரியாதை. போனா போகுது, உனக்கு என்ன குறைச்சல்? நல்ல இடமாப் பார்த்து நான் முடிச்சு வைக்கிறேன். நீ ராணி மாதிரி இருப்ப."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னது மனசாரச் சொன்னதுதான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. பொல்லாத மனிதராக இருந்திருந்தால் அங்கேயே உதறிவிட்டுப் போயிருப்பாள். இரண்டு வருடம் பேருந்திலும் அடுப்படியிலும் படித்த படிப்பை, ஒரு வாக்கியத்தில், அவள் அப்பாவே புதைத்துவிட்டார். புதைத்துவிட்டு, அவளுக்காக அழுகிறார். அவளுக்கு அழுகையும் வரவில்லை.

வெளிவாசல் பெஞ்சில் ஒரு பெண் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயதிருக்கும். மடியில் சேர்க்கை விண்ணப்பம், பிரிவு என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியோடு வந்த இவளைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தாள்.

"அக்கா, நீங்க டர்னர் பிரிவா? எனக்கும் அதுல சேரணும்னுதான் ஆசை. இவங்கதான் வேணாங்கிறாங்க. நம்ம மாதிரி பொண்ணுங்களுக்கு இந்த வேலை வருமாக்கா?"

அப்பா அவசரமாக, "வா பாப்பா, பஸ் போயிரும்" என்றார்.

அவள் நகரவில்லை. அந்தப் பெண்ணின் கையிலிருந்த பேனாவை வாங்கி, பிரிவு என்ற இடத்தில் டர்னர் என்று தெளிவாக எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"வரும். நல்லாவே வரும்" என்றாள். "பட்டறை மட்டும், உன் அப்பா வேலை பார்க்காத பட்டறையாப் பார்த்துச் சேரும்மா."