கல் பொறுக்கிய மண்

இரண்டு கரண்டி உள்ளே போன பிறகுதான் சார்லஸ் தலை நிமிர்ந்து, "உப்புப் போடலையா மச்சான்?" என்று கேட்டார்.

மரியராஜ் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். கேப்பைக் கூழ் இல்லை. மண். குஜிலியம்பாறைப் பக்கம் புற்றில் வெட்டி, காயவைத்து, கல் பொறுக்கி, இரண்டு முறை சலித்து அவரே கொண்டுவந்த மண். அக்காள் அன்னாளின் முழங்காலில் பூசுவதற்காக மகள் வினோலியா ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள்.

மரியராஜையும் குறை சொல்ல முடியாது. சாவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. வடமதுரையிலிருந்து வெறும் வயிற்றோடு வந்த சார்லஸுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது; உடனே ஏதாவது உள்ளே போக வேண்டும். மரியராஜ் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார். அழுதால் அது பனி பிடித்துக்கொள்கிறது. ஃபிரிட்ஜில் பழுப்பாக எதுவோ தெரிந்தது, மோரை ஊற்றிக் கலக்கிக் கொடுத்துவிட்டார்.

சார்லஸ் வாயைக் கொப்பளித்து, சீனித் தண்ணீர் குடித்து, பெட்டியில் கிடந்த தன் அண்ணி அன்னாளின் தலைமாட்டில் வந்து நின்றார்.

"இதைத்தான் அண்ணிக்கும் பூசுனீங்களா? நேத்துக் காலைல நடந்துட்டு வந்த மனுசி, நாற்காலியில உக்காந்தபடி போயிருக்காக. மண்ணு டாக்டர் என்ன செஞ்சாள்னு தெரியாம நான் பெட்டியத் தூக்க விடமாட்டேன்."

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

மண்ணு டாக்டர் என்ற பட்டத்தைச் சூட்டியதே மரியராஜ்தான். மகள் சென்னையில் இயற்கை மருத்துவம் படித்த ஐந்தரை வருடமும், "மண்ணு குழைக்கவா இம்புட்டு வருசம்?" என்று கல்யாண வீடுகளில் கேட்டுப் பந்தியைச் சிரிக்க வைத்தவர். அடுத்த மாதம் நாகல் நகரில் அவள் சொந்தமாகச் சிகிச்சை நிலையம் திறக்க இருந்தாள். சார்லஸ் சொன்னது தெருமுனையைத் தாண்டினால் போதும், அங்கே ஒரு ஆள் படி ஏறமாட்டான்.

சிரிப்பாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமென்று மரியராஜ் வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார்.

"சொல்லு தாயி," என்றார் மகளிடம்.

வினோலியா பெட்டியைப் பார்த்தாள். "அத்தை சொல்லக் கூடாதுன்னாங்க." பிறகு உள்ளே போய், பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து சார்லஸின் கையில் கொடுத்தாள்.

"முழங்காலுக்குன்னு வந்த மொத நாளே நெஞ்சில ஸ்டெதஸ்கோப் வச்சதும் சத்தம் வித்தியாசமா கேட்டுச்சு மாமா. வால்வு சுருங்கியிருந்துச்சு. மதுரைக்கு இருதய டாக்டர்கிட்ட அனுப்புனேன். ஆபரேஷன் பண்ணணும்னாரு. அத்தை மாட்டேன்னுட்டாங்க. மாத்திரை ஒண்ணக்கூட நான் நிறுத்தல. அவரு சொன்ன அளவுக்குத்தான் நடக்க வச்சேன்."

"மண்ணு டாக்டருக்கு இதெல்லாம் சொல்லித் தாராகளா?"

"மொத வருசம் பொணத்த அறுத்து, இருதயத்தக் கையில வச்சுதான் படிச்சோம். மண்ணு, தண்ணி, உபவாசமெல்லாம் அதுக்கு மேலதான். கடைசி ஒரு வருசம் ஆஸ்பத்திரியிலேயே கெடந்தோம்."

மரியராஜுக்கு அந்த முதல் வருடக் கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்தது. ஆட்டுக்கறித் தட்டைப் பார்த்ததும் மகள் எழுந்து போய்விட்டாள். கல்லூரிக்காரர்கள் பிள்ளையைச் சைவமாக்கிவிட்டார்கள் என்று அதையும் அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தார்.

சார்லஸ் ஃபைலைக் கடைசித் தாள்வரை படித்தார். அதன் பின்புறம் டீச்சராக இருந்த அன்னாளின் சாய்ந்த கையெழுத்து. அதைச் சத்தமாகவே வாசித்தார்.

"வினோலியா மூணு தடவை எடுத்துச் சொல்லிட்டா. நெஞ்ச அறுக்க எனக்குச் சம்மதமில்ல. இருக்கிறவரைக்கும் நடந்து கோயிலுக்குப் போகணும். என் தம்பிகிட்ட சொல்ல வேணாம். பகல்ல அதையும் சிரிப்பாக்குவான், ராத்திரி உக்காந்து அழுவான்."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். பெட்டியைச் சுற்றிச் சிரிப்பு பரவியது. மரியராஜ் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்; உடனே கழற்ற வேண்டியிருந்தது.

சார்லஸ் துண்டை இடுப்பில் கட்டி, பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தார். மெயின் ரோடு வேண்டாம், அண்ணி தினம் நடந்த தெரு வழியாகவே போகணும் என்றார். பேண்டு செட்டுக்காரர்களை நன்றாக ஊதச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் வலியால் வாசல் கேட் வரைக்கும் வர முடியாதவளை வழியனுப்ப, வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். தோல் கிடங்கு வாசலில் சனாவுல்லா பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "டீச்சரம்மா தெனமும் என்னைய முந்திட்டுல்ல போவாங்க," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மரியராஜ் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார், தினமும் அந்தத் தெருவில் நடந்தது தான்தான் என்பதுபோல.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியதும் எல்லோரும் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்கள். மரியராஜின் முறை வந்தது. அள்ளியவர் போடாமல் நின்றார். விரல்கள் தாமாகவே மண்ணிலிருந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. பின்னால் வரிசை காத்திருந்தது.

"தாயி," என்றார் மெதுவாக. ஏழு வருடமாக வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். "இதுல என்னதான் இருக்கு?"

வினோலியா அவர் உள்ளங்கையிலிருந்த கடைசிக் கல்லை எடுத்துக் கீழே போட்டாள்.

"பெருசா ஒண்ணுமில்லப்பா. குளுகுளுன்னு இருக்கும், வலி செத்த நேரம் அடங்கும். அந்த நேரத்துல எந்திரிச்சு நடந்தது அத்தைதான்."