சுவருக்கு உள்ளே ஒரு புது மேடு

கல்லறைத் தோட்டத்தில் அந்த மண்மேட்டை முதலில் பார்த்தவர் உபதேசியார் ஆசீர்வாதம். 1973 ஆடி மாதம். கோயிலின் அடக்கப் பதிவேட்டை எழுதுகிறவர் அவர்தான். மூன்று மாதமாக ஊரில் ஒரு சாவும் இல்லை.

கும்மிடிப்பூண்டி பக்கம் ஃபேக்டரி கட்ட எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து இறங்கிய நேரம் அது. சபைப் பெரியவர் சின்னதுரை மேட்டைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார்.

"கொலைதான், உபதேசியாரே. எவனையோ அடிச்சி இங்க பொதைச்சிட்டுப் பூட்டாங்க. நாளைக்குப் போலீஸ இட்டாந்து தோண்டிப் பாத்துடலாம்."

ஆசீர்வாதத்துக்கு வேறு சந்தேகம். மேடு இரண்டு முழ நீளம்கூட இல்லை; பெரிய ஆளைப் புதைக்கப் போதாது. அதிலிருந்து காலடிகள் சுவரின் உடைந்த பக்கமாகப் போயின. அவரும் அந்த வழியே வெளியே போனார்.

வெளியே இருந்ததும் அதே சபையின் கல்லறைகள்தான். வயல்கூலிகளின் சாதிக்கு நூறு வருடமாக அங்கேதான் இடம். இப்போது லாரி ரோடு போட அங்கே அளவுக்கல் நட்டிருந்தார்கள். ஒரு குழி மட்டும் காலியாகக் கிடந்தது. யாருடையது என்று பதிவேட்டில் தேடினார். 'எஸ்தர், 1958, வெளியே.' அவருடைய கையெழுத்துதான்.

எஸ்தரின் மகள் விக்டோரியா கட்டட வேலையில் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கறது உங்கம்மாவா?"

அவள் கல்லை இறக்கி வைத்தாள். "ஆமா. எலும்புதான் இருந்துது. பொடவையில மூட்ட கட்டிக்கினு போனேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உட்டிருப்பீங்களா? சின்னதுரை ஐயாவாண்ட மூணு தபா கேட்டேன். வாசலாண்டயே நிக்கவச்சி அனுப்பிச்சிட்டாரு. இப்ப நீங்க இன்னாத்துக்கு வந்துகிறீங்க? தோண்டி வெளிய போடவா?"



மறுநாள் காலை சின்னதுரை ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது, ஆசீர்வாதம் பதிவேட்டை விரித்து நீட்டினார். 'வெளியே' அடிக்கப்பட்டு, பக்கத்தில் 'உள்ளே' என்று எழுதியிருந்தது.

"கொலை இல்லீங்க. எஸ்தரம்மா. பதிவு பண்ணிட்டேன்."

சின்னதுரை இரண்டு முறை படித்தார். அதுவரை இருந்த மரியாதை போய்விட்டது. "யாரக் கேட்டு எழுதுன நீ? இனிமே உன்ன இங்க வச்சிருந்தாத்தான எழுதுவ?"

சொன்னபடியே மேலிடத்துக்கு எழுதினார். ஒரே மாதத்தில் ஆசீர்வாதத்தைப் பள்ளிப்பட்டுப் பக்கம் மாற்றினார்கள். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஒன்பது குடும்பங்கள் பட்டப்பகலில் மண்வெட்டியோடு வந்தன. ஒன்பது பெயர்களையும் அவர் 'உள்ளே' என்று எழுதினார். சின்னதுரை தினமும் வாசலில் நின்று முறைத்தார். போலீஸுக்கு மட்டும் போகவில்லை. போனால், இவர்களை ஏன் வெளியே புதைத்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள்.

ஆசீர்வாதம் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று விக்டோரியா பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள். முகத்தில் இன்னும் சந்தேகம்தான்.

"புதுசா வர்ற உபதேசியார் அத்த அழிச்சிட்டாருன்னா?"

"மையில எழுதியிருக்கேம்மா. பக்கத்தையே கிழிச்சாத்தான் உண்டு."

"கிழிப்பாங்க" என்றாள் விக்டோரியா. "எதுக்கும் நான் வாரா வாரம் போயி அம்மா மேட்ட பாத்துக்கினே இருக்கேன்."