இரவல் கூட்டம்

"நற்கருணைப் பேழையக் காலி பண்ணிரலாம்னு பாக்கறேன், உபதேசியாரே" என்றார் பாதர் மலாந்தா.

பூசை முடிந்திருந்தது. பூசை உடுப்பைக் கழற்றிய பிறகும் அவர் உடம்பில் இரண்டு ஸ்வெட்டர்கள் இருந்தன. காங்கோவிலிருந்து வந்தவர். இந்த மலைக்கு வந்து மூன்று மழைக்காலம் கண்டும் குளிர் அவரை விட்டபாடில்லை. ஒரு கிழட்டு ஜீப், அது ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கும் எத்தனையோ மலைக்கிராமங்கள், அத்தனைக்கும் இவர் ஒருவர். அன்று லா நியெப்ளா என்ற அந்த மலைக்கிராமத்துக் கோயிலில் பூசை கண்டவர்கள் உபதேசியார் சிப்ரியானோ, நாலைந்து விதவைகள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், மழைக்கு ஒதுங்கிய ஒரு நாய். நாயையும் சேர்த்தால் ஒரு பெஞ்சு ஒருவாறு நிறையும்.

"நற்கருணை இருக்கற எடத்துல சனம் இருக்கணும். ஆளில்லாத கோயில்ல ஆண்டவரத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. மேலிடத்துலயும் கேக்கறாங்க. நம்ம கோயில் அன்னம்மாள் திருவிழாவுக்கு வருவேன், அன்னைக்குப் பாப்போம். கூட்டம் இல்லேன்னா நற்கருணைய எடுத்துட்டுப் போயிருவேன்."

"சரி சாமி" என்றார் சிப்ரியானோ. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லியே பழகிவிட்ட மனிதர்.

ஆனால் வீட்டுக்கு ஏறும் வழியெல்லாம் வீட்டில் கிடப்பவளின் நினைவுதான். அவர் மனைவி எவரிஸ்தா விறகுக்கட்டோடு சரிவில் விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து படுத்த படுக்கை. ஞாயிறுதோறும் அவர் பேழையிலிருந்து ஒரு நற்கருணை அப்பத்தை எடுத்து, சின்னப் பித்தளைச் சிமிழில் வைத்து, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கம்பளிக்குள் மறைத்துச் சேற்றில் ஏறிப்போய் அவளுக்குக் கொடுப்பார். அன்று மட்டும் அவள் விடியலிலேயே தலை வாரச் சொல்லுவாள், தலையணை உறையை மாற்றச் சொல்லுவாள். மற்ற நாளெல்லாம் நோயாளி. ஞாயிறு ஒன்றில்தான் விருந்தாளியை எதிர்பார்க்கும் வீட்டுக்காரி. பேழை காலியானால் அடுத்த நற்கருணை அரைநாள் தொலைவில், டவுனில். அவளைப் புரட்டிப்போட ஆள் இல்லாமல் அவர் எங்கே போக?

யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, எந்த வாசலை மிதிப்பதில்லை என்று இருந்தாரோ அந்த வாசலுக்கே போனார்.

கீழ்த்தெருவில் அல்லேலூயாக்காரர்களின் சபை. அதன் பாஸ்டர் அபெலினோ, சிப்ரியானோவோடு ஒரே பெஞ்சில் ஞானோபதேசம் படித்தவர், சிப்ரியானோவின் மகனுக்கு ஞானத்தகப்பன். பிறகு குடி, பிறகு மனந்திரும்புதல், பிறகு தகரக் கூரையும் ஒலிபெருக்கியும். கோயிலில் செபமாலை தொடங்கினால் கீழே கித்தார் அலறும். கித்தார் ஓய்ந்தால் சிப்ரியானோ கோயில் ஒலிபெருக்கிக் குழாயைக் கீழ்த்தெருப் பக்கம் திருப்பி வைப்பார். பல வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு என்றால் மழை வருமா, வராதா என்பதோடு சரி.

அபெலினோ பன்றிக்கொட்டிலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஓய் உபதேசியாரே, இரட்சிக்கப்பட வந்தீரா?"

"மழைக்கு ஒதுங்க வந்தேன்."

"மழைக்கு ஒதுங்கற மூஞ்சியா இது? எவரிஸ்தாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

சிப்ரியானோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திருவிழா அன்று ஒரு பூசை நேரம், உங்கள் ஆட்கள் வந்து சும்மா உட்கார்ந்தால் போதும் என்றார். அபெலினோ சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு தானாக நின்றது. எழுந்துபோய் சபைக் கதவைத் திறந்தார்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. முன்னால் மட்டும் இரண்டு வரிசை.

"மைக்க ஏன் அவ்ளோ சத்தமா வைக்கறேன்னு நெனச்சீரு? ஆளு இருந்தா வாயே போதுமே."

"எங்க ஆளுங்களையெல்லாம் நீரு இழுத்துட்டீர்னு நான் வஞ்சுக்கிட்டே கெடந்தேன்."

"இழுத்தேன்தான், இல்லேங்கல. வந்தவன் நின்னாத்தான? இன்னைக்கு ஞானஸ்நானம், நாளைக்கு எல்லை தாண்டி வடக்க பயணம். உம்ம மகன் எந்தச் சபைக்குப் போறான் அங்க?"

"ஞாயித்துக்கெழமையும் தட்டு கழுவறானாம்."

"அது ஒரு சபை" என்றார் அபெலினோ. அவருக்கும் கெடு வந்திருந்தது. கூரை போட்டுக்கொடுத்த தலைநகரத்துச் சகோதரர்கள் திருவிழா கழிந்து சில வாரத்தில் பார்வையிட வருகிறார்கள். ஆத்துமாக்கள் பெருகவில்லை என்றால் சபையை மூடிவிட்டு மைக்செட்டை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

ஆகவே பேரம் நடந்தது. எங்கள் ஆட்கள் பொம்மைக்கு முன்னால் முழங்கால் போடமாட்டார்கள் என்றார் அபெலினோ. எங்கள் ஆட்கள் ஸ்தோத்திரம் என்று கத்தமாட்டார்கள் என்றார் சிப்ரியானோ. எங்கள் அன்னம்மாளைப் பொம்மை என்று இன்னொரு தரம் சொன்னால் பேச்சு முறிந்தது என்றும் சொன்னார். "சரி ஓய், அந்தம்மா" என்று அபெலினோ இறங்கிவந்தார். இரண்டு கட்சிக்கும் பொதுவான விரோதியே ஆளில்லாமைதான் என்று ஆனபிறகு சண்டையில் காரம் எங்கே இருக்கும்?

திருவிழா அன்று கொட்டும் மழையில் அபெலினோ சொன்ன சொல் தவறாமல் சனத்தைக் கூட்டிவந்தார். அக்கம்பக்கத்து ஊர்ச் சபைக்காரர்களையும் கையோடு அழைத்துவந்திருந்தார். கோயில் நிறைந்தது, சுவரோரம் நின்றார்கள். சிப்ரியானோ பெஞ்சு பெஞ்சாக எண்ணிப் பார்த்தார். இந்தப் பெஞ்சுகளை அவர் இப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

ஆனால் ஒன்றை இருவருமே யோசிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்லலாம். தேவனுடைய பேரைக் கேட்டால் சும்மா இருக்க அந்தச் சனத்துக்குத் தெரியாதே. பாதர் மலாந்தா பிரசங்கத்தில் "இயேசு" என்றதும் ஒரு மூலையில் "அல்லேலூயா!" என்று வெடித்தது. அடுத்த வாக்கியத்துக்குக் கோயில் முழுக்க "ஆமேன்!" கைகள் உயர்ந்தன. பாஸ்டரின் மனைவி முதல் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு பாடவே தொடங்கிவிட்டாள். சிப்ரியானோ பீடத்தோரம் நின்று வியர்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தார்.

பாதர் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு அவரும் கைதட்டினார். முதலில் மெதுவாக, பிறகு அவருடைய ஊர்த் தாளத்தில், உடம்பு அசைய. கன்னத்தில் நீர் வழிந்தது. நற்கருணை நன்மை வாங்க விதவைகள் மட்டுமே எழுந்துவந்ததைக்கூட அவர் தவறாக எடுக்கவில்லை. "பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்காம யாரும் வரல பாருங்க. என்ன பயபக்தி!" என்று பூசை முடிந்து சிப்ரியானோவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க ஊர்லகூட இப்படித்தான், உபதேசியாரே. இதேமாதிரிதான்."

நற்கருணை தங்கியது. அந்த ஞாயிறு எவரிஸ்தா தலை வாரிக்கொண்டு காத்திருந்தாள். சிப்ரியானோவுக்குக் குற்ற உணர்வும் இருந்தது. ஆனாலும் சோள ரொட்டி இரண்டு கூடுதலாகவே இறங்கியது.

கடனைத் திருப்பும் நாள் வந்தது. சிப்ரியானோ தம் விதவைகளையும், பக்கத்துக் கிராமங்களின் கத்தோலிக்க உறவுக்காரர்களையும் திரட்டிக்கொண்டு கீழ்த்தெரு சபையில் போய் உட்கார்ந்தார். விதவைகள் சால்வைக்குள் செபமாலையை உருட்டியபடி, வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல இருந்தார்கள். தலைநகரத்திலிருந்து வந்தவர் சகோதரர் ஒபேத். இளைஞர், தேய்த்த சட்டை, கையில் போன். நாற்காலிகள் நிறைந்திருப்பதைப் பார்த்து முகம் மலர்ந்தார். ஒரு மணி நேரம் முழங்கினார். கடைசியில் கேட்டார்:

"இன்னைக்கு ஆண்டவர ஏத்துக்கப்போறது யாரு? முன்னால வாங்க!"

யாரும் அசையவில்லை. அபெலினோவின் ஆட்கள் எல்லாரும் எப்போதோ இரட்சிக்கப்பட்டவர்கள். மற்றவர்களோ கல்லாய்ச் சமைந்தவர்கள். ஒபேத் மறுபடி கேட்டார். கித்தார்க்காரன் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தான். ஒபேத்தின் முகத்தில் மலர்ச்சி வாடத் தொடங்கியது.

அபெலினோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடச் சிப்ரியானோவின் பக்கம் திரும்பவில்லை. அதுதான் சிப்ரியானோவைக் கொன்றது. பார்த்திருந்தால் முறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கொட்டும் மழையில் சனத்தை ஓட்டிக்கொண்டு வந்த மனுஷன், இப்போது வாய்திறந்து கேட்கமாட்டேன் என்கிறார்.

சிப்ரியானோ எழுந்தார். பின்னால் ஒரு விதவை "ஐயோ, சேசுவே" என்றது கேட்டது. அன்னம்மாளிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு முன்னால் போய் முழங்காலிட்டார். நாடகம்தானே, ஒரு நிமிஷ வேலை.

கைகள் வந்து தலைமேல் விழுந்தன. அபெலினோவின் கை, பாஸ்டர் மனைவியின் கை, தோளில், முதுகில், இன்னும் யார் யாருடையவோ கைகள். சூடாக இருந்தன. "இவன் களைச்சுப்போயிருக்கான் ஆண்டவரே, இவனத் தாங்கும்" என்று அபெலினோ செபித்தார். அது நாடகக் குரலாக இல்லை.

சிப்ரியானோ உடைந்துவிட்டார். ஊரில் செத்தவனுக்கெல்லாம் செபித்தவர், காய்ச்சல்காரன் நெற்றியிலெல்லாம் கை வைத்தவர். அவர் தலையில் கை வைக்க யார் இருந்தார்கள்? எவரிஸ்தாவைத் தூக்கி, புரட்டி, கழுவி, ஊட்டி, கோயிலைக் கூட்டி, மணியடித்து, ஒருநாளும் ஒருத்தரும் இவன் களைத்துப்போயிருக்கிறான் என்று கடவுளிடம்கூடச் சொன்னதில்லை. சின்னப்பிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதார். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதையும் மறுதலிக்கவும் இல்லை. ஒபேத் போனை நெருக்கமாகப் பிடித்துப் படமெடுத்தார்.

அந்தப் படம் அவர் வீடு போய்ச் சேருமுன் ஊர் சுற்றியது. வடக்கே போனது, அங்கிருந்து திரும்பி வந்தது. "அப்பா, நீங்களுமா?" என்று மகன் போன் செய்தான். அபெலினோ மூச்சிரைக்க வந்தார்.

"அந்த ஒபேத்த அழிக்கச் சொன்னேன் ஓய். அழிச்சிட்டான். அதுக்குள்ள பாதி உலகம் பாத்துருச்சு."

"மைக்செட்டு?"

"இருக்கு. கூரைக்கும் பெயிண்டு தர்றாங்களாம்."

"நல்லதுதான்" என்றார் சிப்ரியானோ. நிஜமாகவே சொன்னார்.

பாதர் மலாந்தா ஒரு வேலைநாளில் வந்தார். ஜீப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சேற்றில் நடந்து வந்திருந்தார். கோயிலுக்குள் போனை நீட்டினார்.

"இது நீங்கதானா?"

"நாந்தான் சாமி."

"இந்தப் பாட்டுக்கார அம்மா? திருவிழா அன்னைக்கு மொதப் பெஞ்சுல இருந்தவங்க இல்ல? இந்தப் பெரியவர் தூணோரம் நின்னவரு. இவங்க எல்லாருமே..." பாதர் படத்தை மறுபடி ஓடவிட்டார். மறுபடி நிறுத்தினார். "இரவலா?"

"ஆமா சாமி. அவங்களுக்கு நாங்க, எங்களுக்கு அவங்க."

பாதர் பெஞ்சில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று சிப்ரியானோ காத்திருந்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு ராத்திரியே எங்கம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்" என்றார் பாதர். "கோயில் நெறஞ்சிருச்சும்மான்னு."

செய்ததிலெல்லாம் இதுதான் பாவம் என்று சிப்ரியானோவுக்குப் பட்டது.

பாதர் எழுந்து பேழையைத் திறந்தார். நற்கருணைப் பாத்திரத்தைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். சிப்ரியானோ கழுத்திலிருந்த சிமிழைக் கழற்றி நீட்டினார்.

"ஒரே ஒரு வேண்டுதல் சாமி. போறதுக்கு முன்னால அவளுக்கு ஒரு தடவ."

இருவரும் ஏறினார்கள். எவரிஸ்தா பதறிப்போனாள். இன்று ஞாயிறும் இல்லை, தலையும் வாரவில்லை. "சொல்லிட்டு வரக்கூடாதா மனுஷா?" என்று கணவனைக் கடிந்துகொண்டு கையாலேயே முடியை ஒதுக்கினாள். நன்மை வாங்கிக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். பாதர் இனி ஆறு வாரத்துக்கு ஒருமுறை தானே கொண்டுவரப் பார்ப்பதாகவும், ஜீப் ஒத்துழைக்க வேண்டும் என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தபோது கூப்பிட்டாள்.

"சாமி, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்தப் படத்தப் பக்கத்து வீட்டுக்காரி எனக்கும் காட்டுனா."

"எவரிஸ்தா, பேசாம இரு" என்றார் சிப்ரியானோ.

"நீ பேசாம இரு. சாமி, இந்த மனுஷன் அழுது நான் பாத்ததே இல்ல. எங்க மூத்த பொண்ணப் பொதைச்சப்பகூட அழல. அன்னைக்கு அங்க அழுதுட்டு வந்து அப்படித் தூங்குனாரு. அவங்க என்னத்தப் பண்ணிட்டாங்க? தலையில கை வச்சாங்க, அவ்ளோதான். அது நம்ம வேதத்துலயும் உண்டுல்ல? நீங்களும் ஒரு தடவ வச்சுட்டுப் போங்களேன்."

பாதர் அவளைப் பார்த்தார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு அதை அவள் படுக்கையில், அவள் கைக்கருகே வைத்தார்.

சிப்ரியானோ முழங்காலிடப் போனார். "வேண்டாம், அப்படியே நில்லுங்க" என்றார் பாதர். இரண்டு கையையும் அவர் தலையில் வைத்தார். குளிர்ந்துபோன கைகள். செபம் ஏதோ தொடங்கி, பாதியில் அவருடைய சொந்த மொழிக்குப் போய், அங்கேயும் நின்றுபோயிற்று.

இந்தமுறை சிப்ரியானோவுக்கு அழுகை வரவில்லை. தலைமேல் பாரம் கூடிக்கொண்டே வந்தது. பாதர் கையை மட்டும் வைத்திருக்கவில்லை. அந்த நெட்டை மனிதர், மெல்ல மெல்ல, தம்மையே அவர்மேல் சாய்த்துக்கொண்டிருந்தார். சிப்ரியானோ கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, அவர் விழுந்துவிடாதபடி அசையாமல் நின்றார்.